புத்தரிசி இல்லாமல் பொங்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “மழை பிந்தியதால் இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள எங்கள் வயலை ஐப்பசி நடுவில்தான் விதைத்தோம். தைப்பொங்கலுக்கு நெல் விளையாது. கடை அரிசியில் பொங்கினால் குற்றம் என்கிறார் மாமி. என்ன செய்வது?”

தாராளமாகப் பொங்குங்கள். மாமி இரண்டு சடங்குகளை ஒன்றாக்கிவிட்டார். தைப்பொங்கல், சூரியன் மகர ராசிக்குள் புகும் நாளில் அவனுக்குப் படைப்பது. வயலின் முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவருவது புதிர் எடுத்தல். நம் பக்கத்தில் அதற்குரிய நாள் தைப்பூசம்.

கணக்கைப் பாருங்கள். ஐப்பசி நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் மாசி பிறக்கும்போதுதான் வெட்ட வரும். பொங்கலன்று அது கதிர் தள்ளிக்கொண்டு நிற்கும். காவிரிப் பக்கத்துச் சம்பா ஆவணியிலேயே விதைத்தது, தைக்கு வீடு வந்துவிடும். டிவியில் அதைப் பார்த்து நாம் ஏங்கி என்ன செய்ய? நம் காலபோகம், அதாவது பெரும்போக நெற்செய்கை, மாரி மழையோடுதான் தொடங்குகிறது.

ஆகவே பொங்கலுக்கு நல்ல சிவப்புப் பச்சையரிசி வாங்குங்கள். போன போகத்து நெல் வீட்டில் இருந்தால், புழுக்காமல் குற்றி எடுக்கலாம். முற்றத்தை மெழுகி, உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக மாவால் கோடு இழுத்து, நடுவில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றுங்கள். குறை ஒன்றும் வராது.

சரி, புதிர்? பூசத்தன்று ஒரு நெல்லை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பால் கசிந்தால் விட்டுவிடுங்கள். முற்றியபின் ஒரு நல்ல நாளில் எடுக்கலாம். ஆனால் வெட்டும் மெசினுக்கு நாள் சொல்லுமுன் எடுத்துவிட வேண்டும். மெசின் இறங்கிய வயலில் கதிர் ஏது? எல்லாம் மூட்டையில் நெல்லாகக் கிடக்கும்.

வரம்பில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி, தேங்காய் உடைத்து, கிழக்கே பார்த்து அரிவாளால் ஒரு பிடி வெட்டுங்கள். மாமி கையால் வெட்டினால் கோபமும் தீரும். அதைச் சாமியறையில் வைத்துக் கும்பிட்டு, கொஞ்சத்தை உருவிக் காயவைத்துக் குற்றிப் பாலில் பொங்குங்கள். புத்தரிசி தண்ணீர் அதிகம் இழுக்காது. வழக்கமான அளவில் வைத்தால் களியாகிவிடும், குறைத்தே வையுங்கள்.