ராமானுஜனைப் பற்றிய படமும் நூலும்

கணித மேதைகளின் வாழ்க்கையைக் கூறும் நூல்களும் படங்களும் கணிதத்தில் பின்தங்கிய ஒருவருக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை எடுப்பதா விடுவதா என்ற தயக்கத்தில் இருப்பவர் என எண்ணியே எழுதுகிறேன். நூல் உதவும்; படம் மட்டும் போதாது.

நான் படித்த தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்பு இல்லாததால், விடிகாலை பஸ்ஸில் நகரப் பாடசாலைக்குச் சென்றேன். முதல் தவணையில் 28 புள்ளிகள் எடுத்தபோது, கணிதம் பிறவியிலேயே வர வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கலைப் பிரிவே பொருந்தும் என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பின் முன் கூறினார். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து என் கொப்பிகளுக்கு உறை போட்டுத் தந்த அம்மாவிடம் காரணத்தைச் சொல்லாமலே பிரிவை மாற்றிக்கொண்டேன். அந்தச் சொல் இன்றும் ஆறவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ராமானுஜனைப் பற்றி 2015இல் வெளிவந்த ஆங்கிலப் படத்தைக் கண்டியில் நண்பனின் அறையில் பார்த்தேன். தேவ் பட்டேலின் நடிப்பைக் குறை கூற மாட்டேன். நிறுவல் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி வற்புறுத்துவதையும் படம் காட்டுகிறது. ஆயினும் சூத்திரங்களை அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயார் நாவில் வைக்கிறாள் என்ற காட்சியே என் மனத்தில் நின்றது. பிறவியில் வர வேண்டும் என்ற அதே சொல்லைத்தான் மீண்டும் கேட்டது போலிருந்தது. தெய்வ நம்பிக்கையை இழிவுபடுத்துகிறேன் என்று எவரும் வாதிட வர வேண்டாம். ராமானுஜனின் பக்தி மெய்யானது, நானும் மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுப்பவன்தான்.

அந்தப் படத்துக்கு மூலமான, ரொபர்ட் கனிகல் 1991இல் எழுதிய வரலாற்றை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நான்கு மாதங்களில் படித்து முடித்தேன். தாள் வாங்க வசதியில்லாத ராமானுஜன் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார் என்ற செய்தியை வாசித்ததும் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியில் நின்றேன். குறிப்பேடுகளில் வழிமுறை இல்லாததற்கு அந்த வறுமையும் ஒரு காரணம். கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணத்தில் புலமைப்பரிசிலை இழந்தவரும், கல்லூரியின் இடைநிலைப் பரீட்சையான எஃப்.ஏ.யில் சித்தியடையாதவரும் அவரே.

ஓர் எண்ணை எத்தனை வகையாக முழு எண்களின் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் (3+1, 1+3 இரண்டும் ஒரே வகை; எண் தனியாக நிற்பதும் ஒரு வகை) என்பதற்கு அவரும் ஹார்டியும் 1918இல் சூத்திரம் வெளியிட்டனர். 200க்கு வரும் விடை 13 இலக்கங்கள் கொண்டது. மக்மஹோன் என்ற கணித அறிஞர் அதைக் கையாலேயே கணக்கிட்டுச் சரிபார்த்தார். அன்றிரவு நான் 10ஐ எடுத்தேன். முதலில் 39, பின்னர் 41, மூன்றாம் முறை சரியாக 42 வந்தது. பாடசாலையை விட்ட பின் நான் செய்த முதல் கணக்கு அது.

ஆகவே படத்தைப் பாருங்கள், ஆனால் நூலைப் பேனையுடன் படியுங்கள். 7ஐ முதலில் பிரித்துப் பாருங்கள். 15 வர வேண்டும்.