டிஸ்சார்ஜ் புக் கைக்கு வரும் முன்பே

முன்னாள் படைவீரர் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் தரைப்படையில் ஹவில்தார். 17 வருடம் முடித்து, இன்னும் எட்டு மாதத்தில் பென்ஷனோடு வருகிறார். வயது 36. படிப்பு பத்தாம் வகுப்புதான். "வந்து கொஞ்ச நாள் ஓய்வெடுக்கிறேன், அப்புறம் அரசு வேலைக்கு எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். இந்த வயதில் எழுத விடுவார்களா? கிடைக்கிற முதல் வேலையில் சேர்ந்துவிடலாமா?

பதில்: தங்கச்சி, வயதைப் பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். மத்திய அரசு வேலைக்கான கணக்கு இது: இப்போதைய வயதிலிருந்து படையில் இருந்த வருடங்களைக் கழிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு 36-ல் 17 போனால் 19. ஒரு பதவிக்கு வயது வரம்பு 27 என்றால், கழித்து வருகிற வயது அதைவிட மூன்று வருடம் வரை கூடுதலாக இருந்தாலும் ஏற்பார்கள், அதாவது 30 வரை. அவர் 19-ல் நிற்கிறார். ஆனால் வெளியே வந்தபின் வீட்டில் இருக்கிற வருடங்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.

அப்புறம், அவர் வெளியே வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். விண்ணப்பிக்கக் கடைசி நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பணிக்காலம் முடிகிறவர்கள் சீருடையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். யூனிட்டில் கமாண்டிங் ஆபீசரிடம் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம், தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, பணி ஆணை என்று எல்லாம் முடிய சாதாரணமாகவே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். பென்ஷனோ கடைசிச் சம்பளத்தில் பாதிதான். இந்த எட்டு மாதத்தில் விண்ணப்பித்து வைத்தால், அவர் கேட்கிற ஓய்வையும் நிம்மதியாக எடுக்கலாம்.

பத்தாம் வகுப்புதானே என்று நினைக்காதீர்கள். பத்தாவது தேறி 15 வருடம் படையில் இருந்தவரை, பட்டப்படிப்பு கேட்கிற குரூப் சி (கிளார்க் போன்ற) வேலைகளுக்கும் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பத் தகுதியோ அனுபவமோ கட்டாயமான பதவிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இதைத் தெரியாமல் கீழ்நிலை வேலைக்கு மட்டுமே விண்ணப்பிக்கிற ஆட்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கேட்பதில்லை.

முதல் வேலையிலேயே சேரலாமா என்ற கேள்விக்கு என் கதையைச் சொல்கிறேன். நான் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 வருடம் இருந்து 2006-ல் வெளியே வந்தேன். வந்த நான்காவது மாதம் ஓர் அரசு அலுவலகத்தில் குரூப் டி என்ற கடைநிலை வேலை கிடைத்தது. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. யோசிக்காமல் சேர்ந்தேன். அதற்கு முன்பே நான் கிளார்க் வேலைக்கும் எழுதியிருந்தேன். அந்த முடிவு ஆறு மாதம் கழித்து வந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் தேறியிருந்தேன். ஆனால் சிவில் வேலையில் சேர்ந்த அன்றே அந்த ஒதுக்கீட்டு உரிமை முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய விதி அப்படி. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதைச் சொன்ன சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது.

2014-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். இப்போது, முதல் அரசு வேலையில் சேருவதற்கு முன் எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தாரோ, அந்த வேலைகளில் ஒதுக்கீட்டைக் கேட்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புது வேலையில் சேர்ந்த உடனேயே, "இந்தத் தேதியில் இந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று பட்டியல் எழுதி அந்த அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு விண்ணப்ப எண்ணையும் தேதியையும் நீங்களே எழுதி வையுங்கள், அவர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். தனியார் செக்யூரிட்டி வேலை, ஒப்பந்த வேலை, தற்காலிக வேலை இவற்றில் சேர்ந்தால் உரிமை போகாது. நிரந்தர அரசு வேலையில் சேரும்போதுதான் நிதானம் வேண்டும்.

இன்னொன்று, படையிலிருந்து விடுவிக்கும்போது தருகிற பதிவுப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக்கில் வரப்போகிற பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் பள்ளிச் சான்றிதழோடும் ஆதாரோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். யூனிட்டில் இருக்கும்போது பார்ட் டூ ஆர்டர் (சொந்த விவரங்களைப் பதிவு செய்கிற யூனிட் உத்தரவு) போட்டுத் திருத்துவது சுலபம். வெளியே வந்தபின் ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: மத்திய அரசுத் தேர்வு ஒன்றில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வேலையைத் தவறவிட்டேன். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த முன்னாள் படைவீரர் ஒருவர் தேர்வாகியிருக்கிறார். பென்ஷனும் வாங்கிக்கொண்டு எங்கள் இடத்தையும் எடுத்துக்கொள்வது நியாயமா?

பதில்: தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இரண்டு வருடம் படித்துவிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் நழுவுகிற வலி சின்னதில்லை. ஆனாலும் இதை நியாயம் என்றுதான் சொல்வேன்.

படைக்கு இளம் வயது ஆட்கள் வேண்டும். அதனால் ஒரு சிப்பாயைப் பெரும்பாலும் நாற்பதை எட்டும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மத்திய அரசின் சிவில் ஊழியர் 60 வரை வேலை பார்க்கிறார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது சம்பளம் பாதியாகிவிடுகிற நிலை சிப்பாய்க்குத்தான். நீங்கள் கல்லூரிக்கும் கோச்சிங் வகுப்புக்கும் போன வயதில் அவர் எல்லையில் சென்ட்ரி நின்றார். உங்கள் பாடப்புத்தகத்தை அவர் தொட்டே பதினைந்து வருடம் ஆகியிருக்கும். நாட்டின் தேவைக்காக ஒருவருடைய படிக்கிற வயதை எடுத்துக்கொண்ட அரசு, திரும்பி வரும்போது ஒரு கதவைத் திறந்து வைப்பதில் தவறில்லை.

அந்தக் கதவும் அகலமானதில்லை. 1979-ல் வந்த விதிகளின்படி குரூப் சி-யில் 10 சதவீதம், அப்போதிருந்த குரூப் டி-யில் 20 சதவீதம். இது மற்ற ஒதுக்கீடுகளுக்கு மேல் தனியாகச் சேர்வதும் இல்லை. தேர்வாகிற படைவீரர் பொதுப்பிரிவோ, பிற்படுத்தப்பட்டோரோ, பட்டியல் இனத்தவரோ, அவரவர் பிரிவுக்குள்ளேயே அந்த இடம் கணக்காகும். ஐ.ஏ.எஸ். தேர்வில் இப்படி ஓர் ஒதுக்கீடே கிடையாது. போதுமான ஆட்கள் தேறாவிட்டால், மிஞ்சுகிற இடங்கள் அந்தந்தப் பிரிவில் உங்களைப் போன்றவர்களுக்கே வந்துவிடும், அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில்லை. ஒதுக்கீட்டை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்ற விதியையும் நான் ஆதரிக்கிறேன். எனக்கு அது கிளார்க் வேலையைப் பறித்தது, இருந்தாலும் ஆதரிக்கிறேன். ஒரே ஆள் அடுத்தடுத்து இடம் மாறிக்கொண்டே போனால், பின்னால் வருகிற சிப்பாய்க்கும் உங்களுக்கும்தான் நஷ்டம்.

அடுத்த முறை மறுபடி எழுதுங்கள் தம்பி. இவ்வளவு பக்கத்தில் வந்தவர் விடக் கூடாது.

கேள்வி: என் அப்பா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசு வங்கியில் கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது "முன்னாள் படைவீரர்" என்ற கட்டத்தில் நான் டிக் செய்யலாமா? என் தங்கை இந்த வருடம்தான் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஏதாவது சலுகை உண்டா?

பதில்: டிக் செய்யாதே மகளே. அந்த இடம் படையில் இருந்தவருக்கு, பிள்ளைகளுக்கு இல்லை. பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பதவிக்கு 14.5 சதவீதம் உண்டு. அதில் 4.5 சதவீதம் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் உயிர் நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரியது. உன் அப்பா நல்லபடியாக ஓய்வு பெற்று வந்தவர். தவறாக டிக் செய்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் மொத்த விண்ணப்பமும் போய்விடும்.

உன் தங்கைக்கு வழி இருக்கிறது. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மூலம் பிரதமர் கல்வி உதவித்தொகை தருகிறார்கள். 2019-ல் உயர்த்தியபடி பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண் பிள்ளைகளுக்கு 2,500. பிளஸ் டூ-வில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். முதல் வருட மாணவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும், இரண்டாம் வருடம் போய்விட்டால் ஏற்க மாட்டார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.