ஆல்பத்துக்கு முன்பே ஒரு பாட்டை மட்டும் ஏன் வெளியிடுகிறார்கள்?

ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடப்படும் பாட்டுக்கு ‘சிங்கிள்’ என்று பெயர். முன்பின் தெரியாத பாடகரின் முழு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்க யாரும் எளிதில் துணிவதில்லை. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் தயக்கம் போய்விடும். அல்வாக் கடையில் முதலில் ஒரு விள்ளல் சுவைக்கத் தருகிறார்களே, அதே கணக்கு.

அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 கோடையில், முதல் சிங்கிள் வெளிவருவதற்கு முன்பே, அந்த 16 வயதுப் பெண் அமெரிக்க வணிக வளாகங்களில் இரண்டு நடனக் கலைஞர்களோடு, கடைக்கு வந்தவர்கள் முன்னால் ஆடிப் பாடினார். பாட்டு வானொலியில் ஒலிக்குமுன் பதின்வயதினர் ஆளை நேரில் பார்த்துவிட்டார்கள். அந்த விளம்பரத்தின் உயிர்நாடியே இதுதான் என்பேன். பிறகு வானொலியில் பாட்டு, எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் அவர் பள்ளிச் சீருடையில் ஆடும் வீடியோ. 1999 ஜனவரியில் பாட்டும் ஆல்பமும் ஒரே வாரத்தில் அமெரிக்க இசைத் தரவரிசைப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தன.

ஒரே இரவில் கிடைத்த புகழ் என்று பலர் நினைப்பது தவறு: வெளியான பாட்டு முதலிடத்தை எட்டவே சில மாதங்கள் ஆயின.