தேவாரத்துல சிவனை விட்டுட்டு நடத்தலாமா?

கேள்வி: காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்குப் பொதுத்தமிழ் எடுக்குறேன். அப்பரோட 'மாசில் வீணையும்' பாட்டு வந்தா வீணை, நிலா, தென்றல்னு இயற்கை வர்ணனையா சொல்லிட்டு நகர்ந்துடுறேன், நபியோட வரலாற்றைப் பாடுற சீறாப்புராணம்னா உவமையோட சரி. எல்லா மதத்துப் புள்ளைங்களும் இருக்காங்க, வம்பு எதுக்குன்னுதான். இது சரியா?

பதில்: உங்க பயம் புரியுதுங்க. ஆனா அந்தப் பாட்டுல அத்தனை குளிர்ச்சியையும் அடுக்கிட்டு கடைசியில 'இணையடி நீழலே'ன்னு சிவனோட காலடி நிழல்ல கொண்டுபோய் முடிக்கிறாரே, அந்த நிழல் எதுக்கு? பல்லவ ராஜா அவரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாய்ல அடைச்சு வச்சப்ப பாடினதுன்னு சைவ மரபு சொல்லுது, சுத்தியும் அனல், உள்ள உக்காந்து ஒரு மனுஷன் வண்டு மொய்க்கிற குளத்தைப் பாடுறார். அதைச் சொல்லாம விட்டா பாட்டுல பாதி போச்சு. ராஜாவைத் தூண்டிவிட்டது சமணர்கள்னு பெரியபுராணத்துல வரும், அதையும் மறைக்காதீங்க, ஆனா அது அப்பருக்கு ஏறக்குறைய 500 வருஷம் கழிச்சு ஒரு சைவர் எழுதினதுன்னும், அப்பரே முன்னாடி சமணத்துல இருந்தவர்தான்னும் கூடவே சொல்லிடுங்க.

உ.வே.சா.வை நினைச்சுப் பாருங்க. 1880ல கும்பகோணம் காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு, அந்த ஊருக்கு முன்சீப்பா வந்த சேலம் ராமசாமி முதலியார், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார், திருவாவடுதுறை மடத்துல பாடம் கேட்ட அவ்ளோ பெரிய படிப்பாளிக்கே சமண சமாச்சாரம் பிடிபடல. அதை ஒதுக்கிட்டு வர்ணனையை மட்டும் பாக்கலாம்னு அவர் விடல, ஊர்ல இருந்த சமணர் வீடுகளுக்கே போய் உக்காந்து கேட்டுக்கிட்டார், 1887ல பதிப்பு வந்துச்சு. அதுக்காக விபூதியை அழிச்சிடல! எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

உங்க கிளாஸ்லயும் யாரும் கும்பிட வேணாம், பாடினவர் எதை நம்பினார்னு புரிஞ்சா போதும். சீறாப்புராணத்துக்கும் இதேதான், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்துன்னு மூணு காண்டம், பிறப்பு, நபித்துவம், மக்காவுல இருந்து மதீனா போனதுன்னு அர்த்தம் சொன்னாலே உமறுப்புலவர் என்ன பண்ணியிருக்கார்னு பிடிபட்டுடும். சந்தேகம் இருந்தா முந்தின நாளே தெரிஞ்ச பெரியவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க, கிளாஸ்ல இருக்கிற ஒரே முஸ்லிம் பொண்ணை எழுப்பி 'நீ சொல்லும்மா'ன்னு மட்டும் நிக்க வைக்காதீங்க, பாவம், அதுவும் படிக்க வந்த புள்ளைதானே.