வேகக் காரும் இளம் விளையாட்டு வீரரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சாலைப் பாதுகாப்பு குறித்து அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, இளம் வயதிலேயே பெரும்பணம் ஈட்டிய விளையாட்டு வீரர்கள் பொதுச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார்களை அதிவேகமாக ஓட்டுவதைப் பற்றியவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: இருபத்திரண்டு வயதில் உலகமே கொண்டாடும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவர், இழப்பதற்கு இவ்வளவு இருந்தும், சாலையில் எல்லாவற்றையும் பணயம் வைப்பது ஏன்? (கல்லூரி மாணவர், திருச்சி)

இழப்பதற்கு இவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிகிறது. அந்த வயதில் காரின் உள்ளே இருப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. இடரை எடைபோட்டுத் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் இருபதுகளின் நடுப்பகுதி வரையில் மெல்ல முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மற்ற இளைஞர்களுக்கு அந்த முதிர்ச்சி வரும் வரையில் கையில் பணம் இருப்பதில்லை என்பதே பாதுகாப்பாக அமைந்துவிடுகிறது. விளையாட்டு வீரருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

2021 நவம்பர் 2-ஆம் தேதி அதிகாலை லாஸ் வேகாஸில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹென்றி ரக்ஸ், தமது 22-ஆம் வயதில், மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள நகரச் சாலையில் கார்வெட் காரைச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சென்று முன்னே போன ஒரு காரின் பின்புறத்தில் மோதினார். தீப்பற்றிய அந்தக் காரில் இருந்த 23 வயதுப் பெண்ணும் அவருடைய நாயும் உயிரிழந்தனர். ரக்ஸின் இரத்தத்தில் சட்ட வரம்பைப் போல் இரு மடங்கு மது இருந்தது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 3 முதல் 10 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வழக்கைப் பேசுவோர் பெரும்பாலும் ரக்ஸ் இழந்த ஆட்ட வாழ்க்கையைப் பற்றியே வருந்துகிறார்கள். அந்தச் சாலையில் எந்தத் தவறும் செய்யாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்தே இந்தப் பேச்சு தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். களத்தில் இவர்களை உயர்த்திய குணங்களான போட்டி மனப்பான்மை, அச்சமின்மை, உடலின் மீதான நம்பிக்கை ஆகியவை களத்தைவிட்டு வெளியே வந்ததும் அடங்கிவிடுவதில்லை. 2000 ஜனவரியில் சார்லட் ஹார்னெட்ஸ் கூடைப்பந்து வீரர் பாபி ஃபில்ஸ், பயிற்சி முடிந்து அரங்கைவிட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில், அணித்தோழரின் காருடன் போட்டியிட்டு ஓட்டியபோது இறந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. அவர் பதின்ம வயதினர் அல்லர். முப்பது வயதுக் குடும்பத் தலைவர். ஆகவே இளமையை மட்டும் காரணமாகக் காட்டி இதைக் கடந்துவிட முடியாது. உடன் ஓட்டும் நண்பர்களின் பங்கும் பெரிது.

கேள்வி: பந்து வரும் திசையை நொடியின் ஒரு சிறு பகுதியில் கணிக்கும் வீரர்களுக்கு, நம்மைப் போன்றவர்களைவிட வேகமாக ஓட்டும் தகுதி இருக்கிறதல்லவா? (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

இல்லை. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சாதாரண ஓட்டுநர், தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடுவார். உலர்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க மேலும் 18 மீட்டர் அளவு தேவைப்படும். மொத்தம் 43 மீட்டர். இப்போது 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வீரர், தம் கூர்மையால் ஒரே நொடியில் பிரேக்கை மிதித்துவிடுகிறார் என்று கொள்வோம். அந்த ஒரு நொடியில் 55 மீட்டருக்கு மேல் போய்விடும். அதன்பின் நிற்பதற்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேண்டும். மிச்சப்படுத்திய அரை நொடியின் பயன் 28 மீட்டர். வேகத்தால் கூடிய தூரமோ 200 மீட்டருக்கும் மேல். வேகம் இரு மடங்கானால் பிரேக் போட்டபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. அனிச்சைச் செயலின் கூர்மை இந்த இயற்பியலை மாற்றாது.

மேலும், ஆபத்தில் பாதி மற்றவர்களின் கையில் இருக்கிறது. பக்கச் சாலையிலிருந்து திரும்பும் ஸ்கூட்டர்க்காரர், 200 மீட்டருக்கு அப்பால் வரும் காரைப் பார்த்து, வழக்கமான வேகத்தில்தான் வருகிறது, கடந்துவிடலாம் என்று கணித்துச் சாலையில் இறங்குகிறார். நான்கு நொடிக்குள் அந்தக் கார் அவரிடம் வந்துவிடும் என்று அவர் எப்படி அறிவார்?

கார் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் பொதுச் சாலை சலுகை காட்டுவதில்லை. தேசியப் பட்டங்களை வென்ற சென்னைக் கார் பந்தய வீரர் அஷ்வின் சுந்தர், 2017 மார்ச் மாதம் சாந்தோம் நெடுஞ்சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதித் தீப்பிடித்ததில் தம் மனைவியுடன் உயிரிழந்தார். பந்தயத் தடத்தில் ஓரத்தில் மரம் இருப்பதில்லை. தடம் மாறிய கார் வேகம் குறைய வெற்று நிலமும், டயர் அரண்களும், சில நொடிகளில் வந்துசேரும் தீயணைப்புக் குழுவும் இருக்கும். திறமை வெளிப்படுவதற்கான சூழலை அங்கே திட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ரிஷப் பந்தின் விபத்தும் இந்த வகையைச் சேர்ந்ததுதானா? (இல்லத்தரசி, மதுரை)

2022 டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலை ரூர்க்கி அருகே நடந்த அந்த விபத்தில், ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டதாகவே அவர் தெரிவித்தார். எனவே அதைத் தூக்கமின்மையால் நேர்ந்த விபத்தாகக் கொள்வதே முறை. தனியாக, இரவு முழுவதும், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஓட்டுவது ஆபத்தான பழக்கம். அவ்வழியே வந்த ஹரியானா அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் ஓடிவந்து உதவியதால் அவர் பிழைத்தார்.

கேள்வி: கோடிகளில் சம்பாதிப்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் ஒரு தண்டனையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

தண்டனை ஆகாது என்பதே நேர்மையான பதில். 2019-இல் திருத்தப்பட்ட நமது மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேக வரம்பை மீறும் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நான்கு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள லம்போர்கினி உருஸை வைத்திருப்பவருக்கு இது ஒருமுறை எரிபொருள் நிரப்பும் செலவுகூட இல்லை.

பின்லாந்தில் கடுமையான வேக மீறலுக்கான அபராதத்தை ஓட்டியவரின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அந்நாட்டின் ஆலாந்து தீவுகளில் 2023-இல், 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய ஒரு செல்வந்தர் 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது. ஜெர்மனியிலும் குற்ற வழக்குகளில் இதே முறை உண்டு. அங்கே 2014-இல் பொருஸ்ஸியா டோர்ட்முண்ட் கால்பந்து வீரர் மார்க்கோ ராய்ஸுக்கு, ஓட்டுநர் உரிமமே பெறாமல் பல ஆண்டுகள் கார் ஓட்டியதற்காக 5,40,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

ராய்ஸ் வழக்கில் அபராதத் தொகையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேக மீறலுக்காக அவருக்குக் குறைந்தது ஐந்து முறை அபராதச் சீட்டுகள் போயிருந்தன; ஒவ்வொரு முறையும் பணம் கட்டப்பட்டது; உரிமம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நம் ஊரின் கேமரா வழிச் சலானிலும் இதே ஓட்டை இருக்கிறது. சலான் காரின் உரிமையாளரைத் தேடிப் போகிறது, மேலாளரோ உதவியாளரோ கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார், ஓட்டியவர் ஒரு காவலரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த வாரம் அதே சாலையில் அதே வேகத்தில் போகிறார். மறுமுறை பிடிபட்டால் உரிமத்தைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் செய்ய, ஓட்டியவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்தாக வேண்டும். அபராதத்தைப் பத்து மடங்காக்குவதைவிட இந்த ஒரு நடைமுறையைச் சீராக்குவது அதிகப் பயன் தரும் என்று கருதுகிறேன். பணக்காரருக்கும் ஏழைக்கும் உரிமம் ஒன்றுதான்.

கேள்வி: அணிகளும் வாரியங்களும் இதில் தலையிட முடியாதா? (விளையாட்டுப் பயிற்சியாளர், கோயம்புத்தூர்)

முடியும், ஆனால் பெரும்பாலும் விபத்துக்குப் பின்னரே தலையிடுகிறார்கள். ரக்ஸை அவருடைய அணி விபத்து நடந்த அன்றே நீக்கியது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரஷீ ரைஸ் 2024 மார்ச்சில் டாலஸ் விரைவுச்சாலையில் லம்போர்கினியை மணிக்கு 190 கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓட்டி, பல வாகனங்கள் மோதிக்கொண்ட விபத்துக்குக் காரணமாகி, காயமடைந்தவர்களைக் கவனிக்காமல் அங்கிருந்து நடந்து சென்றார். 2025-இல் அவருக்கு 30 நாள் சிறையும் 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. லீக் ஆறு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. இடைப்பட்ட காலத்தில், 2024 பருவத்தின் தொடக்கத்தில், அவர் தொடர்ந்து ஆடினார் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வீரர் எந்தக் காரில் வர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அணிகளுக்கு இருக்கிறது என்பதை ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கால்பந்து அணி காட்டியிருக்கிறது. அவ்வணியின் பங்குதாரர் ஆடி நிறுவனம் என்பதால், அணி நிகழ்வுகளுக்கு ஆடி காரில்தான் வர வேண்டும் என்பது விதி. 2020-இல் அவ்வணி வீரர் கிங்ஸ்லி கோமன் மெக்லாரன் காரில் பயிற்சிக்கு வந்ததற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. விளம்பர ஒப்பந்தத்துக்காக இவ்வளவு கண்டிப்பு காட்ட முடியுமானால், முதல் ஒப்பந்தக் காலத்தில் உச்ச ஆற்றல் கொண்ட கார்களுக்குத் தடை, ஆட்ட இரவுகளில் அணியின் செலவில் ஓட்டுநர், இரண்டு வேக மீறல்களுக்கு ஓர் ஆட்டம் விலக்கு என்பன போன்ற நிபந்தனைகளையும் எழுதிச் சேர்க்கலாம். வீரர் உண்மையில் அஞ்சுவது களத்துக்கு வெளியே உட்காருவதற்குத்தான். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2025 ஜனவரியில், ஆட்டங்களுக்கும் பயிற்சிக்கும் வீரர்கள் அணியோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்று வகுத்த விதி, ஒழுங்குக்காகக் கொண்டுவரப்பட்டது. சாலைப் பாதுகாப்புக்கும் அது நல்லதே.

நாம் காரையே பரிசாகக் கொடுத்துப் பழகிவிட்டதையும் இங்கே யோசிக்க வேண்டும். 2025 ஐபிஎல் தொடரில் 14 வயது வைபவ் சூர்யவன்ஷிக்குக் கிடைத்த விருதோடு வந்தது ஒரு கார்; அதை ஓட்ட அவர் 18 வயது வரை காத்திருக்க வேண்டும். வெற்றி என்றால் கார் என்ற எண்ணத்தை நாமே சிறுவயதில் விதைக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. முதல் ஒப்பந்தப் பணம் வந்தவுடன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்கிறான். தடுத்தால் உறவு கெடும் என்று அஞ்சுகிறேன். (ஒரு தந்தை, சேலம்)

முழுவதுமாகத் தடுப்பதைவிட, தள்ளிப்போடுவதும் படிப்படியாக்குவதும் நடக்கக்கூடியவை. உலகில் பல அரசுகள் செய்வதும் அதுதான். இத்தாலியில் புதிதாக உரிமம் பெற்றவர்கள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆற்றல் மிகுந்த கார்களை ஓட்டக் கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு லம்போர்கினி மோதி 15 வயதுச் சிறுமி உயிரிழந்த பிறகு சட்டம் மாறியது. எடைக்கு ஒப்பிட மிக அதிக ஆற்றல் கொண்ட கார்களை ஓட்ட, 2024 டிசம்பர் முதல் அங்கே தனி உரிம வகுப்பும் அதற்கான பாடப் பயிற்சியும் கட்டாயம். இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லை. சிறிய காரில் சோதனை கொடுத்து வாங்கிய உரிமத்தோடு மறுநாளே 600 குதிரைத்திறன் காரை ஓட்டலாம். சட்டம் விட்ட இடத்தைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் மகனுக்கு நான் பரிந்துரைப்பது இது. முதல் இரண்டு ஆண்டுகள், நல்ல பாதுகாப்பு மதிப்பீடு பெற்ற மிதமான ஆற்றலுள்ள கார். இரவுப் பயணங்களுக்கும் ஆட்டம் முடிந்த நாள்களுக்கும் சம்பளத்துக்கு ஓட்டுநர். இதை அவன் தன் தொழில் செலவாகவே கணக்கில் எழுதலாமா என்று தணிக்கையாளரிடம் கேளுங்கள். காரின் செயலியில் வேக எச்சரிக்கை வசதி இருந்தால், அது உங்கள் கைப்பேசிக்கும் வரும்படி அவன் சம்மதத்தோடு அமையுங்கள். வேகத்தின் மீது உண்மையான ஆசை இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. பயிற்றுநரோடு அங்கே ஓட்டட்டும். ஆனால் வழக்கமான மோட்டார் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கிறது என்பதையும், அவனுடைய விளையாட்டு ஒப்பந்தத்தில் ஆபத்தான செயல்களுக்குத் தடை இருக்கக்கூடும் என்பதையும் முன்னதாகவே படித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அணித்தோழர் காரில் போகும்போது அவர் மிக வேகமாக ஓட்டுகிறார். மூத்தவர் என்பதால் எதிர்த்துச் சொல்ல முடியவில்லை. (இளம் வீரர், சென்னை)

2003 செப்டம்பரில் அட்லாண்டாவில், ஐஸ் ஹாக்கி வீரர் டேனி ஹீட்லியின் ஃபெராரியில் உடன் சென்ற அணித்தோழர் டான் ஸ்னைடர், மோதலில் காயமுற்றுச் சில நாள்களில் இறந்தார். ஓட்டியவர் உயிர் பிழைத்தார். ஸ்னைடரின் குடும்பத்தினர் ஹீட்லியை மன்னித்து, அவருக்குச் சிறை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டனர். நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் அந்த இருக்கையில் இருக்க வேண்டியதில்லை.

ஓடும் காரில் வாதம் செய்யாதீர்கள். பயந்தவரைக் கண்டு இன்னும் வேகம் கூட்டுபவர்கள் உண்டு. "அண்ணா, எனக்குக் குமட்டுகிறது, ஓரமாக நிறுத்துங்கள்" என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. இறங்கியதும் திரும்ப ஏறாமல் வாடகைக் காரை அழையுங்கள். அடுத்த முறை அழைப்பு வரும்போது, அணிப் பேருந்தில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். இது தொடர்ந்தால் அணி மேலாளரிடம் தனியாகத் தெரிவியுங்கள். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் தோள் வலியை அவரிடம் சொல்லத் தயங்க மாட்டீர்கள் அல்லவா, அதே பொறுப்பில் இதையும் சொல்லலாம்.