மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகலாமா? போனால் பணத்தை நிறுத்திவிடுவார்களா?

போங்கள். நிறுத்தினாலும் போங்கள். உங்களுக்கு ஏதோ வேலை வந்து, வீட்டில் "வருகிற 1500-ம் போயிரும்" என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்தது.

எனக்கு வீரவநல்லூர் பக்கம். சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம், இரண்டு காலும் பாதிப்பு. வருவாய்த்துறை வழியாக வரும் பென்ஷன் வாங்கினேன், அப்போது மாதம் 1000 ரூபாய். (2023 ஜனவரியில்தான் 1500 ஆனது.) அம்மாவோடு பீடி சுற்றினேன். அரசு தந்த மோட்டார் தையல் மிஷின் வந்ததும் ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம் என்று தைத்தேன். அப்புறம் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் தையலுக்கு ஆள் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "ஏட்டி, உக்காந்த இடத்துல பணம் வருது, எதுக்கு அலையுத?" என்றாள். போனேன். கொஞ்ச நாளில் யாரோ மனுப் போட்டு பென்ஷன் நின்றது. விசாரிக்கப் போன இடத்தில், "வேலை பாக்க முடியுதுல்லாம்மா, அப்புறம் எதுக்கு?" என்றார்கள்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வேலைக்குப் போனால் கால் சரியாகிவிடுமா? மற்றவர்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்துக்கு எனக்கு அப்போது ஆட்டோ வேண்டியிருந்தது. தினமும் நடந்தால் காலிப்பர் (காலுக்குத் தாங்கலாக மாட்டும் கருவி) வார் சீக்கிரம் அறும், ஷூ தேயும். சாரல் காலத்தில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். வேலைக்குப் போவதால்தான் இந்தச் செலவெல்லாம் கூடுகிறது, அந்த நேரம் பார்த்துப் பணத்தை நிறுத்துகிறார்கள்.

"சம்பளமும் வேணும், அரசாங்கப் பணமும் வேணுமா" என்று யாராவது வந்து கேட்பீர்கள், தெரியும். வருமான வரி கட்டுகிற அளவு சம்பாதிக்கும் மாற்றுத்திறனாளிக்குப் பழைய வரி முறையில் வரிக்கான வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அது சரியான சலுகைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரிடம் யாரும் "வேலை பாக்க முடியுதுல்லா" என்று கேட்பதில்லையே. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகையில், மாதச் சம்பளத்தில் முதல் 65 டாலரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதற்கு மேல் 2 டாலர் சம்பாதித்தால் உதவியில் 1 டாலர் குறையும், அவ்வளவுதான். சம்பளம் கூடிப் பணம் நின்றவர், அப்புறம் உடல்நிலையால் வேலையை விட நேர்ந்தால், 5 வருடத்துக்குள் புது விண்ணப்பம் இல்லாமலே திரும்பக் கேட்கலாம். அங்கே பயமில்லாமல் வேலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், என் தையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளியைக் கட்டினால் அரசு தரும் பணமும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் எப்போது கைக்கு வரும் என்றுதான் கேட்டார்கள். அப்பா காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

சரி, உங்கள் விஷயம். வருவாய்த்துறை பென்ஷனுக்கு வருமானம் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வேறு, அது கடுமையான பாதிப்புக்கு. நீங்கள் வாங்குவது எது என்று முதலில் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு என்றே கிடைப்பதும் உண்டு. இரண்டு காலும் பாதித்து வேலை பார்ப்பவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் இலவசம். எனக்கு அப்படித்தான் வந்தது, இப்போது ஆட்டோச் செலவு இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. சொந்தமாகக் கடை போடுவதாக இருந்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடனில் கிராமப்புறத்தில் நமக்கு 35 சதவீதம் மானியம்.

வேலையில் சேரும் முன் ஒரு திங்கட்கிழமை உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் (திருநெல்வேலி என்றால் கொக்கிரகுளம்) குறைதீர்க்கும் நாளுக்குப் போய், இந்தச் சம்பளத்துக்குப் போனால் என் உதவித்தொகை என்னாகும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலை நம்பித் திரும்ப வேண்டாம். மனு ரசீதை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.