டிசம்பரில் திரும்பி வந்துவிடலாமா?

கேள்வி: நான் திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவியாகப் படிக்க, அக்டோபர் முதல் வாரம் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் வந்தேன். எங்கள் கல்லூரியிலிருந்து தேர்வானது நான் ஒருத்திதான். வந்து ஏழு வாரம் ஆகிறது. வகுப்பில் யாரும் என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஒருநாள் நான் தாளித்தபோது புகை மணி அலறியது. கூடத் தங்கியிருக்கும் ஜெர்மன் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, 'சமைக்கும்போது ஜன்னலைத் திறக்கவும்' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்து விடுதியில் இருக்கும் தமிழ், தெலுங்குப் பிள்ளைகளோடுதான் பேச்சு, சாப்பாடு எல்லாம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று வெட்கமாக இருக்கிறது. அம்மா தினம் இரண்டு முறை வீடியோ காலில் வருகிறார். 'எல்லாம் சூப்பர்' என்று சொல்லிவிட்டு, வைத்ததும் அழுகிறேன். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். கிரெடிட் பற்றிக் கேட்டால் துறைத் தலைவர், 'வந்த பிறகு பார்த்துக்கலாம்மா' என்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு கிளம்பி வந்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், டோர்ட்முண்ட்

பதில்: உன் வயதில் எனக்கு அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். ஜெர்மன்காரர்களுக்கும் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' உண்டு என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். மாணவர்களுக்குள் முதல் நாளே 'டூ', பேராசிரியருக்கு 'ஸீ'. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். வராதே. மனதைத் திடப்படுத்திக்கொள் என்று உபதேசிப்பதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான பாடங்களுக்கு மதிப்பெண் முழுவதும் கடைசித் தேர்விலிருந்துதான். நம் ஊரைப் போல இன்டர்னல், அசைன்மென்ட், 75 சதவீத வருகை எல்லாம் சேர்ந்து தூக்கிவிடாது. வகுப்புகள் பிப்ரவரி முற்பாதி வரை ஓடும், தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். டிசம்பரில் கிளம்பினால் அக்டோபரிலிருந்து நீ உட்கார்ந்த அத்தனை மணி நேரத்துக்கும் உன் கையில் இருப்பது பூஜ்யம். இங்கே ஐந்தாவது செமஸ்டரும் போயிருக்கும், அங்கேயும் ஒன்றும் இருக்காது. அப்பாவின் கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்றால், அது தனிமை என்ற அளவைத் தாண்டிய விஷயம். பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசனை உண்டு, கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே போ. அவர்கள் ஊருக்குப் போகச் சொன்னால் கிரெடிட்டைப் பற்றி யோசிக்காமல் கிளம்பு. உன் கடிதத்தைப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை. தாளிக்கிறவள் சாப்பிடுகிறாள்.

அடுத்து, துறைத் தலைவரின் 'வந்த பிறகு பார்த்துக்கலாம்'. உன் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்திய வரி இதுதான். இருட்டும் தனிமையும் பிப்ரவரிக்குள் கொஞ்சம் தணிந்துவிடும், இது தணியாது. இந்த வாரமே அவருக்கு மின்னஞ்சல் எழுது. கிளம்பும்போது கையெழுத்தான லேர்னிங் அக்ரிமென்டில், அதாவது அங்கே நீ படிக்கும் பாடங்களுக்கான ஒப்பந்தத்தில், உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, நம் கல்லூரியில் அது எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று ஒரு பட்டியலை நீயே போட்டு அனுப்பு. 'இது சரிதானா சார்?' என்று மட்டும் கேள். ஆமாம் என்று ஒரு வரி வந்தால் போதும், பத்திரமாக வைத்துக்கொள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் மார்ச் மாதம் அந்த நாற்காலியிலேயே இல்லாமல் போகலாம். நான் படித்த இடத்தில் எனக்கு அதுதான் நடந்தது. புதிதாக வந்தவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, '2.0 என்றால் பத்துக்கு இரண்டா?' என்றார். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி என்று அவருக்கு விளக்கி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. மதிப்பெண்ணை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடு. உன் தேர்வு முடிவதற்குள் இங்கே ஆறாவது செமஸ்டர் தொடங்கிவிடும், அந்த வருகைப் பதிவுக்கு என்ன வழி என்பதையும்.

தேர்வு என்றதும் இன்னொன்று. அங்கே வகுப்புக்குப் பதிந்தாலே தேர்வுக்கும் பதிந்ததாகிவிடாது. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் அது எப்போது என்று நாளைக்கே பார். பரிமாற்ற மாணவர்கள் அழுதுகொண்டு சர்வதேச அலுவலகத்தின் வாசலில் நிற்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வாரத்துக்குச் சில மணி நேரம்தான் வகுப்பு, மீதி நேரம் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். (இடம் கருதி அந்தப் பத்தியை வெட்டிவிட்டோம்.) அந்த நேரம் சும்மா இல்லையம்மா. ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடம் என்றால் 180 மணி நேரம். வாரம் நான்கு மணி வீதம் பதினைந்து வாரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் அறுபதுதான் ஆகிறது. மீதி 120 மணி நேரத்தை நீயே போட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீ வந்தாயா, படித்தாயா என்றும் கேட்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் இதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டு, ஜனவரி கடைசியில் திடுக்கிட்டு விழிக்கிறார்கள்.

இங்கேதான் உன் இரண்டு பிரச்சினைகளும் ஒன்றாகச் சேர்கின்றன. பெரிய விரிவுரை வகுப்பில் நட்பு கிடைக்காது. நூறு பேர் வருவார்கள், முடிந்ததும் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்கள், கலைந்துவிடுவார்கள். பேச்சு தொடங்குவது 'யூபுங்' எனப்படும் பயிற்சி வகுப்பில். கணக்குத் தாளை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் 'மூன்றாவது உனக்கு வந்ததா?' என்று கேட்க அங்கே காரணம் இருக்கிறது. கேட்டால் பதில் வரும். அப்புறம், உன் துறையில் 'ஃபாக்ஷாஃப்ட்' என்று மாணவர் பிரதிநிதிகளின் அறை ஒன்று இருக்கும். பழைய சோஃபா, காபி மெஷின், எப்போதும் இரண்டு மூன்று பேர். பழைய வினாத்தாள்களை அங்கேதான் கேட்க வேண்டும். வினாத்தாள் கேட்கப் போனவள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

'யாரும் என்னோடு பேசுவதில்லை' என்கிறாய். நீ எப்படிக் கூப்பிட்டாய் என்பதைச் சொல்லவில்லை. 'ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்' என்று நம் ஊரில் சொன்னால், அடுத்த நாள் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனால் போதும், காரியம் நடந்துவிடும். அங்கே அந்த வாக்கியம் காற்றில் போய்விடும். 'வியாழக்கிழமை 12.15-க்கு மென்சா வாசலில்' என்று சொல் (மென்சா என்பது பல்கலைக்கழக உணவகம்). நாளும் நிமிடமும் இருந்தால்தான் அது அழைப்பு. அப்படிச் சொன்னபின் 12.15-க்கு அவள் நிச்சயம் நிற்பாள், நீதான் 12.25-க்குப் போவாய். பத்து மணி வகுப்பு என்று போட்டுப் பத்தேகாலுக்குத் தொடங்கும் பல்கலைக்கழக வழக்கம் சாப்பாட்டுக்குச் செல்லாது.

ஃப்ரிட்ஜ் சீட்டு விஷயம். அதைப் படித்துவிட்டு எத்தனை நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தாய்? நம் வீட்டில் நேரில் சொல்லாமல் எழுதி ஒட்டினால் அது பேச்சு முறிந்ததற்கு அடையாளம். அங்கே பகிர்ந்து தங்கும் வீடுகளில் சமையலறையே சீட்டுகளால்தான் ஓடுகிறது. இந்த வாரம் குப்பை யார் முறை, பால் யாருடையது, எல்லாமே. ஜன்னலைத் திற என்றால் ஜன்னலைத் திற, அவ்வளவுதான். உன் ரசத்தைப் பற்றியோ உன் நாட்டைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. குளிர்காலத்திலும் தினம் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று மாற்றுவது அந்த ஊரில் பல் துலக்குவது மாதிரி. காய்ந்த மிளகாயும் கடுகும் புகை மணியை எழுப்பும் என்பது அங்கே போன எல்லாத் தமிழர்களுக்கும் தெரிந்த கதை. நான் 2003-ல் போனபோது எங்கள் மாடியே ஒருமுறை இரவு உடையில் தெருவில் நின்றது. அதற்குப் பிறகுதான் என் பெயர் அவர்களுக்குத் தெரிந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளோடு இருப்பதற்கு ஏன் வெட்கம்? ஐரோப்பாவுக்குள்ளேயே 1987 முதல் எராஸ்மஸ் என்ற பெயரில் மாணவர் பரிமாற்றம் நடக்கிறது. போய்ப் பார், ஸ்பானியர்கள் ஸ்பானியர்களோடும் இத்தாலியர்கள் இத்தாலியர்களோடும்தான் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டுக்கும் சிரிப்புக்கும் ஒரு கூட்டம் வேண்டும். அதை உதறிவிட்டு ஜெர்மன் நண்பர்களைத் தேடப் போகாதே. வாரத்தில் ஒரு மாலையை மட்டும் அதற்கு வெளியே வை, அது போதும். பல்கலைக்கழக விளையாட்டுத் திட்டத்தில் ஏதாவது ஒரு வகுப்பில் சேர், வெளியில் சேர்வதை விட மலிவு. அங்கே உடைந்த ஜெர்மனோடு சமாளிக்கலாம். பந்துக்கு இலக்கணம் தெரியாது.

ஊர் ஞாபகம் தாங்க முடியாத நாளில் ரயிலேறி ஹாம் போ. அரை மணி நேரம்தான், உன் செமஸ்டர் டிக்கெட்டே செல்லும் என்று நினைக்கிறேன், ஏறுமுன் பார்த்துக்கொள். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப். தொழிற்சாலைகளுக்கு நடுவே காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கும். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த மக்கள் சிறிய அளவில் தொடங்கி வளர்த்து, 2002-ல் குடமுழுக்கு செய்த கோயில் அது. அங்கே வரும் பாட்டிகள் சிலர் உன் வயதில் வந்திறங்கியவர்கள். ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல். உன் கஷ்டம் சின்னது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நவம்பர் இருட்டை எப்படிக் கடப்பது என்று அவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கறிவேப்பிலை எந்தக் கடையில் மலிவு என்றும்.

கடைசியாக அம்மா. நான் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, போன் கார்டு தேய்த்துப் பத்து நிமிடம். பொய் சொல்லவும் நேரம் போதாது. நீயோ தினம் இரண்டு முறை கேமரா முன் உட்கார்ந்து, சந்தோஷமாக இருக்கும் ஒரு பெண்ணாக நடிக்கிறாய். அழுகை வருவது இருட்டினால் மட்டுமல்ல, இந்த நடிப்பினாலும்தான் என்பது என் எண்ணம். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் ஏன் இரண்டு முறை கூப்பிடுகிறார்?

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசு. கடைகளெல்லாம் மூடியிருக்கும், உனக்கும் வேலை இருக்காது. இப்போது நாலரை மணி நேர வித்தியாசம், உன் மாலை ஐந்து மணி வீட்டில் ஒன்பதரை, அப்பாவும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். 'முதல் ஒன்றரை மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்ததும்மா, உங்களிடம் மறைத்துவிட்டேன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. அவர் பதறுவார். பதறட்டும். பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். உங்கள் வளாகத்தில் தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டே, ஓட்டுநர் இல்லாமல் போகிற ஹா-பான் ரயில் இருக்கிறதே, 1984-லிருந்து ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்று அவருக்குச் சொல். நீ மெக்கானிக்கல் மாணவி, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாய். அன்றைக்கு 'சூப்பர்' தேவைப்படாது. அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் பேசினால் போதும் என்று நீயே நாள் குறித்துக்கொள்.

ஒரு சில்லறை விஷயம். டிவியே இல்லாதபோது 'ஒளிபரப்புக் கட்டணம்' கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, மோசடியா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தாய். மோசடி இல்லை. மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு ஒன்று. உன் வீட்டில் அந்தப் பெண் ஏற்கெனவே கட்டுகிறாள் என்றால் அவளுடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும், பாதியை அவளுக்குக் கொடுத்துவிடு. கடிதத்தைக் குப்பையில் போடாதே.

எண்ணைக் கேட்பதற்காகவாவது அவளிடம் நீ பேசியாக வேண்டும். கேட்கும்போது ஜனவரி நடுவில் பொங்கல் வருவதையும் சொல்லிவை. சொன்னால் மறந்துவிடுவாள், அதனால் அவள் ஒட்டிய சீட்டுக்குப் பக்கத்திலேயே நீயும் ஒன்று ஒட்டு: நாள், மணி, 'இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்கிறேன்'. மிளகையும் முந்திரியையும் நெய்யில் போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடு.